குகைச் சுவர்க்கோழி, புதிய இனம் என்று சந்தேகம்: எந்த உறுப்புகளை அளப்பது, எதை வரைவது?

சுண்ணக்குகை (கேள்வி)
மேகாலயாவின் சுண்ணாம்புக்கல் குகையில் எடுத்த சில ஆண், பெண் மாதிரிகள் 80% எத்தனாலில் உள்ளன. இறக்கை இல்லை, முன்கால் டிபியாவில் (முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி) செவிப்பறை இல்லை, உணர்கொம்பு உடலைவிட மிக நீளம். ராஃபிடோஃபோரிடே குடும்பம் (இறக்கையற்ற குகைச் சுவர்க்கோழிகள்), டையஸ்ட்ராமெனா என்ற பேரின வகையறா என்று நினைக்கிறேன். கண் சிறியது, நிறம் வெளிறியது. உடலமைப்பு விவரிப்பில் எவை கட்டாயம்? ஆணின் பிறப்புறுப்பைச் சிதையாமல் எடுப்பது எப்படி?

நாலுகணு
குடும்பத்தை முதலில் உறுதி செய்யுங்கள். டார்சஸில் (பாதப் பகுதி) நான்கு கணு இருந்தால் ராஃபிடோஃபோரிடே. மூன்றுதான் என்றால் ஃபலங்காப்ஸிடே என்ற வேறு சுவர்க்கோழிக் குடும்பத்தின் பக்கம் போக வேண்டும். சத்தீஸ்கரின் கோட்டும்சர் குகையில் வாழும் கெம்பியோலா ஷங்கரி அந்த வகை.

அடுத்தது, கையில் இருப்பது முதிர்ந்த பூச்சிதானா? இறக்கை கொண்ட இனங்களில் இறக்கையைப் பார்த்தே சொல்லிவிடலாம், இங்கே அந்த வசதி கிடையாது. பெண்ணில் ஓவிபோசிட்டர் (முட்டையிடும் உறுப்பு) நன்கு கெட்டிப்பட்டு நிறமேறியிருக்கிறதா, கீழ் வால்வின் நுனிப் பற்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிறி மென்மையாக இருந்தால் அது இளம்பூச்சி, அதை வைத்து இனத்தை விவரிக்காதீர்கள்.

அளவுகளில் உடல் நீளத்தை நம்ப வேண்டாம். எத்தனாலில் வயிற்றுக் கண்டங்கள் சுருங்கும், விரியும். புரோநோட்டத்தின் (முன்மார்பின் மேல்தகடு) நடுக்கோட்டு நீளம், முன் ஃபீமர் (தொடை), பின் ஃபீமர், பின் டிபியா, பின்காலின் முதல் டார்சஸ் கணு, ஓவிபோசிட்டர் ஆகியவற்றை மில்லிமீட்டரில் எடுத்து, ஆண் பெண் தனித்தனியாக வீச்சு கொடுங்கள்.

முட்களை இடது, வலது, உட்புறம், வெளிப்புறம் என்று பிரித்து எண்ணுங்கள். முன் ஃபீமரின் முழங்கால் மடலில் அசையும் முள் எந்தப் பக்கம், நடு ஃபீமரில் இரு பக்கமும் உண்டா, பின் டிபியாவின் மேல் உட்புற நுனிமுள் முதல் டார்சஸ் கணுவைத் தாண்டுகிறதா என்பவை இந்தக் கூட்டத்தில் திரும்பத் திரும்பத் தேவைப்படும். பின்கால் எளிதில் கழன்றுவிடும், ஆகவே ஒவ்வொரு பூச்சிக்கும் தனிக் குப்பி.

கிளிசரின்
பிறப்புறுப்பு பற்றி. இனத்தைத் தீர்மானிப்பதில் இதற்குத்தான் அதிக எடை. வயிற்று நுனியின் கீழ்ப்புறத்திலுள்ள துணைப்பிறப்புத் தகட்டை மெல்லக் கீழே இறக்கி, அதற்கும் ஆசனவாய்ப் பகுதிக்கும் இடையிலுள்ள சவ்வை ஓரமாக வெட்டினால் உறுப்பு ஒரே கட்டியாக வெளிவரும். அதை மட்டும் 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பத்தில் வையுங்கள். கொதிக்க வைக்க வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை பார்த்து, தசை கண்ணாடி போலத் தெளிந்ததும் எடுத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்திலும் பின்பு தண்ணீரிலும் அலசுங்கள். கூடுதல் நேரம் விட்டால் மெல்லிய கெட்டித்தகடு வெளுத்து, "தகடு இல்லை" என்ற தவறான விவரிப்பில் முடியும்.

இந்த உறுப்பில் பெரும்பகுதி சவ்வு மடல்கள்தான். உலர்ந்தால் சுருங்கி வடிவம் போய்விடும். கிளிசரினில் வைத்தே மேல், கீழ், பக்கம் மூன்றும் வரையுங்கள். மடல் விளிம்பு தெரியாவிட்டால் குளோரசால் பிளாக் சாயம் ஒரு துளி. பிறகு நுண்குப்பியில் அதே பூச்சியுடன் வையுங்கள்.

சுண்ணக்குகை
நன்றி. சிறிய கண்ணையும் வெளிறிய நிறத்தையும் முதன்மை வேறுபாடாக எழுதலாமா? டிஎன்ஏவுக்கு எதை எடுப்பது?

பழைய_அசாம்
கூடாது. இருளில் வாழும் வெவ்வேறு கிளைகளிலும் கண் சிறுத்து, நிறம் குறைந்து, கால் நீள்கிறது. உறவே இல்லாதவையும் ஒன்றுபோலத் தோன்றும். நிறமோ எத்தனாலில் மேலும் மங்கும். இரண்டையும் பதிவு செய்யுங்கள், வேறுபாட்டை முள்ளிலும் பிறப்புறுப்பிலும் நிறுவுங்கள். டிஎன்ஏவுக்கு ஒரு நடுக்காலை 96% எத்தனாலில் தனியே வைத்தால் போதும், ஆனால் முட்களை எண்ணிய பிறகே வெட்டுங்கள்.

பழைய பெயர்களைத் தேடும்போது "மேகாலயா" என்று தேடினால் கிடைக்காது. சிஜு குகையில் 1922-ல் திரட்டியவை அன்றைய அசாம் என்றே பதிவாகின. 1924-ல் பூச்சியியலாளர் சோப்பார் எழுதிய அசாம், பர்மா குகைப் பூச்சிகளின் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள்.

ஹோலோடைப்பாக (இனப்பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி), கால்கள் முழுமையாக உள்ள முதிர்ந்த ஆண் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்பதையும் கட்டுரையில் குறிப்பிடுங்கள். 1999-க்குப் பிந்தைய பெயர்களுக்கு விலங்கியல் பெயரிடல் விதி இதைக் கேட்கிறது. மின்னிதழில் மட்டும் வெளியிட்டால், வெளியீட்டை ஜூபேங்கில் (விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடு) பதிந்திருக்க வேண்டும், பதிவு செய்த குறிப்பும் கட்டுரைக்குள்ளேயே இடம்பெற வேண்டும். இந்தியாவில் பல்லுயிர்ச் சட்டம் 2002, பிரிவு 39-இன்படி புதிய இனத்தின் சான்று மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைப்பதும் கட்டாயம். பூச்சிகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய காப்பகம்.