மாறிடைத் தொடர்: சீரற்றது தொடரா, இடைவெளியா?

அனைவருக்கும் வணக்கம்.

சம இடைவெளி இல்லாமல் எடுத்த அளவுகளின் வரிசையான 'இர்ரெகுலர் டைம் சீரீஸ்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று கேட்ட இழைக்குத் தாமதமாக வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 'டைம் சீரீஸ்' என்பதற்குக் 'காலத்தொடர்' என்ற பகுதியில் யாருக்கும் சண்டையில்லை என்று தெரிகிறது. முன்னால் வரும் அடைமொழிதான் சிக்கல்.

> 'ஒழுங்கற்ற காலத்தொடர்' என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் தப்பாகப் புரியும்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை. குளுக்கோமீட்டரில் பார்த்து, ஒரு பழைய டைரியில் தேதி, மணி, அளவு என்று எழுதி வைப்பார். உடம்பு ஏதாவது படுத்தினால் ஒரே நாளில் நான்கு முறை பார்ப்பார். நன்றாக இருந்தால் மூன்று வாரம் டைரியைத் தொடவே மாட்டார். போன மாதம் அந்த எண்களை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றினேன். அவசரத்தில் அளவுகளை மட்டும் எடுத்து, ஆரில் காலத்தொடருக்கென்று இருக்கும் 'டிஎஸ்' என்ற வடிவத்தில் போட்டு வரைந்துவிட்டேன். டிஎஸ்ஸில் ஒவ்வொரு அளவுக்கும் தனி நேரம் கிடையாது. தொடக்கம், முடிவு, ஒரு சுற்றுக்கு எத்தனை அளவுகள் என்ற மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சம தூரத்தில் அடுக்கிவிடும். காய்ச்சலில் கிடந்த இரண்டு நாள் படத்தில் பாதியை அடைத்துக்கொண்டது. அமைதியான மூன்று வாரத்துக்கு விரல் அகலம்கூடக் கிடைக்கவில்லை. படத்தைப் பார்த்த தம்பி, "அம்மாவுக்கு எப்பவுமே இப்படித்தான் ஏறி இறங்குதா?" என்று பயந்துவிட்டான்.

அப்புறம் அதே எண்களைத் தேதி, நேரத்தோடு சேர்த்து, ஆருக்கான 'ஸூ' என்ற துணை நிரல் தொகுப்பில் (பேக்கேஜில்) கட்டி வரைந்தேன். ஒடுங்கிய மேடு ஒன்று, இருபுறமும் ஏறத்தாழ சமவெளி. அவ்வளவுதான் விஷயம். அம்மாவின் சர்க்கரை ஒழுங்காகவே இருந்திருக்கிறது. ஒழுங்கில்லாமல் இருந்தது அவர் விரலில் குத்திக்கொண்ட நேரங்கள்.

ஆகவே நாம் தேடும் சொல் இடைவெளியில் போய் ஒட்ட வேண்டும், தொடரில் ஒட்டக்கூடாது என்பது என் கட்சி.

வானியலில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறுவிண்மீனை, அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீனை, கண்டறிந்தார். மைரா என்ற விண்மீனின் வகையைச் சேர்ந்தது அது. மைரா ஏறக்குறைய 332 நாளுக்கு ஒருமுறை ஒளி கூடிக் குறையும். பெரிய அளவில் முறை தவறாத விண்மீன். ஆனால் அதைப் பார்க்கிறவருக்கு மேகம் மறைக்கும், சில மாதங்கள் சூரியனுக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும். விண்மீன் ஒழுங்கு, குறிப்பேடு ஒழுங்கில்லை. இதற்கு நேர் எதிராக, எந்த முறையுமின்றி ஒளி மாறுகிறவற்றுக்கு வானியலில் 'இர்ரெகுலர் வேரியபிள்' என்றே ஒரு வகை உண்டு. அதை நாள் தவறாமல் அளந்தால் கிடைப்பது சம இடைவெளித் தொடர். 'ஒழுங்கற்ற' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் கொடுத்தால் மாணவர் எதைப் பிடிப்பார்?

இப்படிக் குண்டக்க மண்டக்க எடுத்த அளவுகளிலிருந்தே சுழற்சிக் காலத்தைக் கண்டுபிடிக்கும் முறைக்கு லோம்ப் (1976), ஸ்கார்கிள் (1982) இருவர் பெயரும் சேர்ந்து வழங்குகிறது. இருவரும் வானியலாளர்கள் என்பதில் வியப்பில்லை.

> அப்படியானால் 'சீரற்ற காலத்தொடர்'?

அதுவும் ஏற்கெனவே விற்றுப்போன மனை. காலத்தொடரைப் போக்கு, பருவகால மாறுபாடு, சுழல் மாறுபாடு என்று பிரித்த பிறகு மிஞ்சுவதைத்தான் 'சீரற்ற மாறுபாடு' என்கிறோம். அந்த இடத்தில் ஒருவரைக் குடிவைத்துவிட்டு அதே வீட்டை இன்னொருவருக்கும் வாடகைக்கு விட முடியாது.

> 'சமவிடைத் தொடர்', 'சமமிலா விடைத் தொடர்' எப்படி?

பொருள் சரி. புணர்ச்சிதான் காலை வாருகிறது. 'சமவிடை'யைப் பார்த்தவுடன் எனக்குத் தேர்வுத்தாளில் இரண்டு பேர் ஒரே விடை எழுதியது போலத் தோன்றுகிறது. 'சமமிலா இடைவெளிக் காலத்தொடர்' என்று விரித்தால் குழப்பம் போய்விடும். ஆனால் வரைபடத் தலைப்பில் எழுதிப் பாருங்கள், கட்டத்தை விட்டு வெளியே ஓடும்.

என் பரிந்துரை: சம இடைவெளி உள்ளதற்குச் சீரிடைத் தொடர், இல்லாததற்கு மாறிடைத் தொடர்.

'மாறிடை'யை வினைத்தொகையாகப் படிக்கலாம்: மாறிய இடை, மாறுகின்ற இடை, மாறும் இடை. முக்காலமும் உள்ளே இருப்பது இங்கே பொருத்தம், ஏனென்றால் அடுத்த அளவு எப்போது வரும் என்றுகூட நமக்குத் தெரியாது. 'இடை என்றால் இடுப்பு' என்று யாராவது கேலி செய்வார்கள், சந்தேகமே வேண்டாம். இடைத்தேர்தலைக் கேட்டு யாரும் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பதில்லையே.

இரண்டு சொல் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆரிலேயே வரும் 'ஏர்குவாலிட்டி' என்ற காற்றுத்தரத் தரவை எடுங்கள். நியூயார்க்கில் 1973 மே முதல் செப்டம்பர் வரை 153 நாள். அதில் 37 நாளுக்கு ஓசோன் அளவு இல்லை. இது மாறிடையா? இல்லை. நாளுக்கு ஒன்று என்ற சட்டகம் அப்படியே இருக்கிறது, நடுவில் பல் விழுந்திருக்கிறது. ஸூ பேக்கேஜை எழுதிய சைலைசும் குரோதென்டிக்கும் இதற்கென்றே 'ஸூரெக்' என்று ஒரு தரவு வகை வைத்திருக்கிறார்கள். தொடர் விடுபடாமல் முழுச் சீரா, அல்லது நடுவில் விடுபட்டாலும் அடியில் உள்ள சட்டகம் மட்டும் சீரா என்று அதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதை நாம் 'விடுபட்ட சீரிடைத் தொடர்' எனலாம். 'பொக்கைத் தொடர்' என்று எழுதத்தான் கை துறுதுறுக்கிறது.

இந்த வேறுபாடு படம் வரையும்போது உடனே கண்ணில் படும். விடுபட்ட நாளில் 'என்ஏ' (அளவு இல்லை என்று ஆர் வைக்கும் குறி) என்று இருந்தால் கோடு அங்கே அறுந்து நிற்கும். அளவு இல்லை என்பதைப் படமே சொல்லிவிடும். மாறிடைத் தொடரில் அறுவதற்கு எதுவும் இல்லை. அம்மா டைரியைத் தொடாத மூன்று வாரத்தின் மேலும் கோடு ஜம்மென்று நேராகப் போகிறது, ஏதோ தினமும் அளந்து பார்த்தது மாதிரி. அதனால் நான் கோட்டை எடுத்துவிட்டுப் புள்ளி மட்டும் வைத்தேன். கோடு வேண்டும் என்பவர்கள் புள்ளியையும் சேர்த்து வைக்கட்டும்.

இங்கே நம் மொழி நமக்கு ஒரு பரிசு வைத்திருக்கிறது. 'இன்டர்போலேஷன்' என்பதற்குக் கணக்கில் நாம் சொல்வது இடைச்செருகல். ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்கள் பின்னால் எவரோ நுழைத்த பாட்டுக்குச் சொல்வதும் அதே சொல். ஆசிரியர் எழுதாதது, ஆனால் ஆசிரியர் வாயில் வைக்கப்பட்டது. இரண்டு புள்ளிக்கு நடுவே ஆர் இழுக்கும் நேர்க்கோடும் அச்சு அசலாக அதேதான். 'மாறிடைத் தொடரில் இடைச்செருகல் செய்யாதே' என்று எழுதும்போது இரண்டு இடையும் ஒரே இடத்தைச் சுட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

> டிஎஸ்ஸில் வரும் 'ஃப்ரீக்வென்சி'க்கு அலைவெண் என்று போடலாமா?

அங்கே 12 என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு அளவுகள் என்று பொருள். இயற்பியலின் அலைவெண்ணும் இல்லை, பட்டியலில் எண்ணும் நிகழ்வெண்ணும் இல்லை. 'சுற்றளவெண்' என்று யோசித்தேன். வட்டத்தின் சுற்றளவு வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்குத் தனி இழை தொடங்குங்கள், என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது.

அன்புடன்.