கோத்தகிரியிலிருந்து பிட்ஸ்பர்க்: குளிரைத் தவிர வேறு எதற்குத் தயாராக வேண்டும்?

கோத்தகிரி பொண்ணு கேட்கிறார்:

வணக்கம். எனக்கு ஊர் கோத்தகிரி பக்கம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று நீலகிரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோவையில் பி.இ. முடித்தேன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் வகுப்பு. வங்கிக் கடனும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

வீட்டில் எல்லோரும் பேசுவது குளிரைப் பற்றித்தான். பெரியம்மா இப்போதே இரண்டு ஸ்வெட்டர் பின்னிவிட்டார். எனக்கென்னவோ நாங்கள் வேறு எதற்கோ பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு இதற்குப் பயப்படுகிறோம் என்று தோன்றுகிறது. பகுதிநேர வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிவிடலாம் என்று கல்லூரி சீனியர் ஒருவர் சொல்கிறார். உண்மையா? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்க்காரன்:

தங்கச்சி, அதே பிட்ஸ்பர்க்கில் இரண்டு வருடம் படித்தேன், மூன்று வருடம் வேலை பார்த்தேன். இப்போது குன்னூரில்தான் இருக்கிறேன்.

குளிரை முதலில் முடித்துவிடுகிறேன். ஜனவரி இரவில் மைனஸ் 6, 7 டிகிரி சாதாரணம். ஆனால் வீட்டுக்குள் டி-ஷர்ட்டோடு இருக்கலாம். நம் ஊரில்தான் டிசம்பரில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர். கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவன் நான். அங்கே சுவரோரம் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருக்கும். காற்று காய்ந்துபோய், முதல் மாதம் மூக்கிலிருந்து ரத்தம் வந்து பயந்துவிட்டேன். அறையில் ஒரு பாத்திரம் தண்ணீர் வையுங்கள். பெரியம்மா ஸ்வெட்டர் உள்ளே போட நல்லது. கோட்டும் பூட்ஸும் அங்கேயே வாங்குங்கள். பென்சில்வேனியாவில் அன்றாட உடைகளுக்கு விற்பனை வரி கிடையாது. தோல் ஷூ வேண்டவே வேண்டாம். பனி உருக ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், ஒரே குளிர்காலத்தில் அது ஷூவைத் தின்றுவிடும்.

என்னை வாட்டியது இருட்டுதான். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். பகலிலும் பாதி நாள் மேகம். நம் ஊர் ஜூலை மாதம் மார்ச் வரைக்கும் நீண்டால் எப்படியிருக்கும், அப்படி. மத்தியானம் கொஞ்சம் வெயில் வந்தாலும் எழுந்து வெளியே போய்விடுங்கள்.

மேடு பள்ளம் உங்களுக்குப் பழக்கம்தானே. அந்த ஊரில் பொதுப் படிக்கட்டுப் பாதைகளே 700க்கு மேல் இருக்கின்றன. சமவெளிப் பையன்கள் பாதியில் மூச்சு வாங்கி நிற்க, நான் அரிசி மூட்டையோடு ஏறிப் போவேன் (சின்ன மூட்டைதான்). 1870இல் ஆரம்பித்த மொனங்கஹேலா இன்க்ளைன் என்ற மலைச்சரிவு ரயில் இன்னும் ஓடுகிறது. நம் மலை ரயில் மாதிரி பல்சக்கரம் கிடையாது. கம்பிவடத்தில் இரண்டு பெட்டி, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். மனசு சரியில்லாத நாளில் அதில் ஏறி மேலே போய் நிற்பேன்.

சரி, பணம். உங்கள் சீனியரை நம்பாதீர்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். நான் நூலகத்தில் புத்தகம் அடுக்கினேன். மளிகைக்கும் போனுக்கும் சரியாகப் போனது, ஃபீஸின் பக்கமே போக முடியவில்லை. வெளியே கடையில் கையில் காசு வாங்கி வேலை பார்க்கலாம் என்று சொல்பவர்கள் வருவார்கள். மாட்டினால் விசா அந்தஸ்தே போகும், கடன் மட்டும் அப்பா தலையில் நிற்கும். ஃபீஸ் குறைய நல்ல வழி துறையில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை. அதற்குப் பேராசிரியர்களின் ஆராய்ச்சியைப் படித்துவிட்டு இப்போதிருந்தே அவர்களுக்கு எழுதுங்கள். நான் எழுதியதில் பலர் பதிலே போடவில்லை, மூன்றாவது செமஸ்டரில்தான் ஒருவர் கூப்பிட்டார்.

அடுத்தது வாடகை வீடு. நான் அழுதது இதில்தான். கிரெடிட் ஹிஸ்டரி (அங்கே கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு) இல்லாத நமக்கு முன்பணம் அதிகம் கேட்பார்கள். முதல் வருடம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்க அங்கே சட்டம் இடம் தராது. நான் காலி செய்தபோது, முன்பே இருந்த தரைக் கறையைக் காட்டி வீட்டுக்காரர் முழுப் பணத்தையும் பிடித்துக்கொண்டார். என்னிடம் ஒரு போட்டோ கூட இல்லை. நீங்கள் பெட்டியைத் திறக்கும் முன்பே மூலை முடுக்கெல்லாம் படம் எடுத்து, அன்றே அவருக்கு மெயில் அனுப்புங்கள். காலி செய்யும்போது புது முகவரியை எழுத்தில் கொடுங்கள். 30 நாளுக்குள் அவர் முன்பணத்துக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

வேலை கிடைத்தால் சம்பளச் சீட்டைப் பாருங்கள். எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து வருடம் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) வரிப் பிடித்தம் கிடையாது. சம்பாதிக்காத வருடத்துக்கும் அங்கே வரித் துறைக்கு 8843 படிவம் அனுப்ப வேண்டும்.

கொடைக்கானல் அக்கா:

நான் படித்தது நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ. பனி விஷயத்தில் பிட்ஸ்பர்க் எங்களுக்குத் தம்பி.

குன்னூர்த் தம்பி சொன்னதில் எல்லாம் சரி, ஒன்றை விட்டுவிட்டார். இங்கிருந்து மிக்ஸி தூக்கிக்கொண்டு போகாதேம்மா, அங்கே 120 வோல்ட், ஓடாது. குக்கர் கொண்டு போ. பொடி வகைகளை ஒளிக்காமல் சுங்கத்தில் சொல்லிவிடு. வர்க்கி கொண்டு போனால் தூளாகத்தான் போய்ச் சேரும், ஆனாலும் கொண்டு போ.

அப்புறம், வீட்டுக்குப் போன் பேசும் நேரம். நீ போகும்போது அங்கே ராத்திரி 8 என்றால் இங்கே விடிகாலை 5.30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், உடனே அது 6.30 ஆகிவிடும். எங்கம்மாவிடம் சொல்லாமல் விட்டேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதிருக்கிறார்.

கோத்தகிரி பொண்ணு:

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடன் பற்றிய இடத்தில் ஒன்றும் பேசவில்லை. 5.30க்கு எப்படியும் எழுந்திருப்பேன் என்றார். கடைசியாக ஒன்று கேட்டார்: அந்தப் படிக்கட்டுகளில் அட்டைப்பூச்சி இருக்குமா?

குன்னூர்க்காரன்:

அட்டை கிடையாது என்று சொல்லுங்கள். கைப்பிடிக் கம்பி மட்டும் சில இடத்தில் ஆடும், பனிக்காலத்தில் அதை நம்ப வேண்டாம்.