லூபஸ் உள்ளவர்களுக்கு இரத்தத்தில் கால்சியம் கூடினால்: அனுபவப் பகிர்வு

என் தங்கைக்கு லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) சிறுநீரகத்தையும் பாதித்திருக்கிறது. அதற்காக எடுக்கும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து எலும்பைப் பலவீனப்படுத்தும் என்பதாலும் வெயிலைத் தவிர்க்க வேண்டியிருப்பதாலும் அவள் கால்சியமும் வைட்டமின் டி மாத்திரையும் எடுத்து வந்தாள். சில மாதங்களுக்கு முன் ஓயாத அசதி, தீராத தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் போவது, பேசும்போதே எண்ணம் குழம்புவது என ஒவ்வொன்றாகத் தொடங்கின. லூபஸ் மீண்டும் தீவிரமாகிறது என்று எவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் மூட்டுவலியோ தோல் தடிப்போ இல்லை. லூபஸ் தீவிரமாகும்போது பொதுவாக இரத்தத்தில் குறையும் சி3, சி4 புரதங்களின் அளவுகளும் குறையவில்லை. அதைக் கவனித்த வாதநோய் மருத்துவர் கால்சியத்தைப் பார்க்கச் சொன்னார்.

அறிக்கையில் கால்சியம் 10.4 மி.கி./டெ.லி. என்று இருந்தது. ஆய்வகம் குறித்திருந்த மேல் வரம்பு 10.5 என்பதால் அந்தத் தாளை மட்டும் பார்த்தவர்கள் நிம்மதி அடைந்திருப்பார்கள். ஆனால் சிறுநீரில் புரதம் வெளியேறியதால் அவளுக்கு ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 2.5 கிராம்தான் இருந்தது. கால்சியத்தின் ஒரு பகுதி அந்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும். ஆல்புமின் 4-லிருந்து குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 கூட்டிப் பார்க்க வேண்டும் என்று விளக்கிய மருத்துவர், உண்மையான அளவு 11.6-ஐ ஒட்டியிருக்கும் என்றார். புரதத்தோடு ஒட்டாத கால்சியத்தை மட்டும் அளக்கும் அயனிநிலைக் கால்சியம் பரிசோதனை அதை உறுதிசெய்தது. கால்சியத்தைக் கூட்டும் பாராதைராய்டு ஹார்மோன் மிகக் குறைவாகவும் வைட்டமின் டி மிக அதிகமாகவும் இருந்தன. இரண்டு மருத்துவர்களின் சீட்டுகளில் வெவ்வேறு பெயர்களில் ஒரே வைட்டமின் இருந்ததுதான் காரணம். இரண்டையும் நிறுத்தி, நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினார்கள். வைட்டமின் டி கொழுப்பில் தேங்குவதால் அளவு மெதுவாகவே இறங்கியது. எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

•

என் அம்மாவுக்கும் லூபஸ் உண்டு. அவருக்குக் கால்சியத்தோடு பாராதைராய்டு ஹார்மோனும் கூடியிருந்தது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி ஒன்றில் சிறு கட்டி. அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள். லூபஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

•

எனக்கு நேர்ந்தது இவ்விரண்டிலும் சேராது. பாராதைராய்டு ஹார்மோன் குறைவு, வைட்டமின் டி இயல்பு, ஆனால் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன. காசநோயும் இப்படிக் கணுக்களை வீங்கவைத்துக் கால்சியத்தைக் கூட்டலாம் என்பதால், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களிடம் அதை விலக்காமல் மேலே போகக் கூடாது. அதே காரணத்தால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயையும் விலக்கியாக வேண்டும். ஸ்டீராய்டை முதலிலேயே கூட்டினால் லிம்போமாவின் அடையாளங்கள் மறைந்துவிடக்கூடும் என்பதால், கணுவிலிருந்து திசு எடுத்துச் சோதிக்கும்வரை என் மருத்துவர் பொறுத்திருந்தார். அந்தக் காத்திருப்பு கடினமாக இருந்தாலும் அவர் செய்தது முற்றிலும் சரி என்றே நினைக்கிறேன். இரண்டும் இல்லை என்று தெரிந்தபின் ஸ்டீராய்டைக் கூட்டியதும் கணுக்களும் சுருங்கின, கால்சியமும் இறங்கியது. லூபஸே கால்சியத்தைக் கூட்டுவது அரிது. மற்ற காரணங்கள் அனைத்தையும் விலக்கிய பிறகே அந்த முடிவுக்கு வந்தார்கள்.