கலைச்சொல் உதவி: புதியவரின் 'விசிபிலிட்டி' (நாளை மறுநாள் கெடு)

செ. எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சமூக வலைப்பதிவுத் தளத்தின் இடைமுகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாளை மறுநாள் இரவுக்குள் கோப்பை ஒப்படைக்க வேண்டும். 'விசிபிலிட்டி' (visibility, அதாவது ஓர் இடுகை பிறர் கண்ணில் படுவது) மூன்று இடத்தில் வந்து வழிமறிக்கிறது. அமைப்புகள் பக்கத்தில் தலைப்பாக ஒருமுறை. புதியவரின் இடுகையைப் பிறரிடம் கொண்டுசேர்க்கும் பொத்தானில் ஒருமுறை. எத்தனை பேரை எட்டியது என்ற எண்ணிக்கைக்கு மேலே ஒருமுறை.

இப்போது அங்கே இருப்பது 'தெரிவுநிலை'. அதன் விளைவை நேரில் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் முதல் இடுகையை வெளியிட்டார். 'தெரிவுநிலை: குறைவு' என்று வந்தது. பக்கத்தை மூன்று முறை புதுப்பித்துப் பார்த்தார். பிறகு, "நம்ம கட்டுரை தேர்வாகல போல" என்று சொல்லி அதை அழித்துவிட்டார். தெரிவு என்றால் தேர்ந்தெடுப்பது என்றுதான் அவர் படித்தார், அவர்மேல் பிழையில்லை. இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று சொல்லவந்த சொல், பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டது. எனக்கு மாற்றுச் சொல் வேண்டும்.

ப. எழுதியது:

தம்பி செ., அதை முதலில் எடுங்கள். 'தெரிநிலை' என்று சுருக்கலாமே என யாரேனும் சொன்னாலும் ஏற்காதீர்கள். காலத்தை வெளிப்படையாகக் காட்டுவது தெரிநிலை வினை, காட்டாதது குறிப்பு வினை. இலக்கணத்தில் நூற்றாண்டுகளாகக் குடியிருக்கும் சொல்லை வெளியேற்றக் கூடாது.

என் பரிந்துரை 'புலப்பாடு'. புலனுக்கு எட்டுவது புலப்படுவது. புலம், புலன், புலவர், புலமை என்று ஒரு பெருங்குடும்பமே அந்த வேருக்குப் பின்னால் நிற்கிறது. உரியியலில் "புலம்பே தனிமை" என்கிறார் தொல்காப்பியர். யாரும் படிக்காத இடுகையோடு உட்கார்ந்திருப்பவர் நிலை அந்தப் புலம்புதான். புலம்பிலிருந்து புலப்பாட்டுக்கு என்று எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒரே வேர் என்றே நான் கருதுகிறேன்.

மா. எழுதியது:

ஐயா, ஓசை ஒத்தால் வேரும் ஒக்கும் என்று கொள்ள முடியாது. அப்படியானால் புலத்தலையும் புலவியையும் சேர்க்க வேண்டிவரும். புதியவர் தளத்தோடு ஊடுகிறார் என்று ஆகிவிடும்.

கண்ணைவிட்டு ஏன் விலக வேண்டும்? 'கட்புலம்' இருக்கிறது. 'காண்மை' இருக்கிறது. 'கண்படல்' என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன், ஆனால் பழந்தமிழில் கண்படுதல் உறங்குதல். புறத்திணையியலில் அரசன் துயில்வதைப் பாடும் கண்படை நிலை என்ற துறையே உண்டு. இன்றைய வழக்கிலோ கண்பட்டால் சுற்றிப்போடுகிறோம். ஆகவே என் வாக்கு 'காண்மை'க்கு. இரண்டே அசை, பொத்தானில் அடங்கும்.

ந. எழுதியது:

இந்தப் பொத்தான்களுக்குப் பின்னால் ஓடும் நிரலை எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நாம் மூன்று பொருளை ஒரே சொல்லில் திணிக்கப் பார்க்கிறோம். இடுகை பிறர் கண்ணில் படக்கூடிய இடத்தில் இருக்கிறதா என்பது ஒன்று. தேடினால் அகப்படுமா என்பது இன்னொன்று. எத்தனை பேர் உண்மையில் பார்த்தார்கள் என்பது மூன்றாவது.

புதியவருக்கு நடப்பது இதுதான். அவரைப் பின்தொடர்பவர் யாருமில்லை, எனவே எவருடைய ஓடையிலும், அதாவது அவரவர் திரையில் இடுகைகள் வரிசையாக வந்து விழும் பக்கத்திலும், அது போய் விழாது. 'புதியவை' பட்டியலில் ஏறும். அடுத்தடுத்து வரும் இடுகைகள் அதைக் கீழே தள்ளிவிடும். 'பிரபலமானவை' பட்டியலோ ஏற்கெனவே வாக்கு வாங்கியதைத்தான் மேலே தூக்கும். உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் இந்த நிலைக்குச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் 'மத்தேயு விளைவு' என்று பெயர் வைத்தார். அவர் பேசியது அறிவியலாளர்களுக்குக் கிடைக்கும் பெயரைப் பற்றி. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், பரவலாக அறியப்படாத 48 பாடல்களைத் தனித்தனிக் குழுக்களுக்குக் கொடுத்து, முன்னே கேட்டவர்கள் எதைப் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். குழுவுக்குக் குழு வெவ்வேறு பாட்டு மேலே போனது. மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவது அரிது, மிக மோசமானது மேலே வருவதும் அரிது. இடைப்பட்டவை எங்கு வேண்டுமானாலும் போய் நின்றன. நம் புதியவர்களில் பெரும்பாலோர் அந்த இடைப்பட்ட இடத்தில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே விசிபிலிட்டி எழுதியவரின் பண்பு அன்று. பிறர் கொடுப்பது. 'மை' விகுதி போட்டு 'காண்மை' என்றால் பெருமை, சிறுமை போல அது அவருடைய குணம் ஆகிவிடுகிறது. 'காண்மை: குறைவு' என்று வந்தாலும் அந்தப் பெண் அழித்துவிட்டுத்தான் போவார்.

ப. எழுதியது:

ந. சொன்னதை மதிக்கிறேன். ஆனால் "தோன்றின் புகழொடு தோன்றுக" (236) என்ற குறளில் தோன்றுவது யார் செயல்? பரிமேலழகர் அதைப் 'பிறத்தல்' என்று கொண்டார். அவையில் தோன்றுதல் என்று கொள்வாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் தோன்றுகிறவனே எழுவாய். தமிழ் மரபு பொறுப்பை எழுதுகிறவனிடம்தான் வைக்கிறது.

வ. எழுதியது:

ஐயா, வணக்கம். பல ஆண்டுகளாகப் புதியவர் இடுகைகளைத் தேடிப் படித்துப் பகிர்ந்துவருகிறேன். பொறுப்பு எழுதுகிறவருக்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முதல் இடுகையில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளட்டும். பொருத்தமான குறிச்சொல் நாலு போடட்டும். எல்லாவற்றையும்விட, பிறர் இடுகையைப் படித்து உருப்படியாக ஒரு மறுமொழி எழுதட்டும். 'அருமை' என்று நூறு இடத்தில் எழுதுவதைவிட, ஒரே இடத்தில் நாலு வரி எழுதியவரின் பெயரைத்தான் சொடுக்கிப் பார்க்கிறேன்.

ஆனால் அதோடு அவர் கை ஓய்ந்துவிடுகிறது. 2016இல் தொடங்கிய ஸ்டீமிட், இடுகைக்கு விழும் வாக்கை வைத்து எழுதியவருக்கு மின்நாணயத்தில் வெகுமதி தரும் வலைப்பதிவுத் தளம். அங்கே வாக்கின் வலு, வாக்களிப்பவரிடம் உள்ள அந்த நாணயக் கையிருப்பைப் பொறுத்தது. புதியவருக்குப் புதியவர் பத்துப் பேர் வாக்களித்தாலும் பட்டியலில் அசைவிருக்காது. வெகுமதிக்கான காலம் 7 நாள். எட்டாம் நாள் யார் கண்டெடுத்தாலும் பயனில்லை. மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தின் முகப்பு ஓடையில் எதையும் அல்காரிதம் தூக்கிக் காட்டாது. அங்கே 'பூஸ்ட்' பொத்தானை மற்றவர் அழுத்தினால்தான் இடுகை அடுத்த வட்டத்துக்குப் போகும். இரண்டு இடத்திலும் மூத்தவர் ஒருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

கூட்டத்தில் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொள்கிறோமே, அதுபோல 'தோளேற்று' என்று பொத்தானுக்கு வைத்தால் என்ன? 'புலப்பாடு' எனக்குப் புரிகிறது. என்னிடம் வரும் புதியவர்களுக்குப் புரியாது. அவர்கள் சொல்வது, "என் பதிவு யாருக்குமே தெரியல அக்கா".

மா. எழுதியது:

தோளேற்றிய குழந்தை பார்க்கும், அதைப் பார்க்கச் செய்வது நோக்கமன்று. பொருள் திரும்பிவிடுகிறது, அம்மா.

> இரண்டு இடத்திலும் மூத்தவர் ஒருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது

இதுதான் திறவுகோல். காண்பது தன்வினை, காட்டுவது பிறவினை. நாம் இதுவரை தன்வினையிலேயே தேடிக்கொண்டிருந்தோம். 'காண்மை'யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பொத்தானுக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம்: 'பலருக்குக் காட்டு'.

தலைப்புக்கு 'தென்படுநிலை'. தென்படு எல்லோர் வாயிலும் இருக்கிறது. அந்தத் 'தென்' தெற்கு என்பார்கள். அதை நான் ஏற்கவில்லை. தெள், தெளி, தெருள், தெரி என்ற வரிசையைப் பாருங்கள். மருளுக்கு எதிர் தெருள், மறைவுக்கு எதிர்...

ந. எழுதியது:

வேர் ஆராய்ச்சியைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமா? செ.க்கு நாளை கெடு.

ப. எழுதியது:

வேரை விட்டுச் சொல்லாக்கம் இல்லை. எளிமை, எளிமை என்றே போனால் நாளை 'விசிபிலிட்டி'யையே தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பீர்கள். 'கணினி'யும் முதல்நாள் யாருக்கும் புரிந்ததில்லை. புழங்கப் புழங்கப் புரிந்தது. 'காட்டு' என்பது நல்ல வினை, மறுக்கவில்லை. ஆனால் ஏவல் ஒருமையில் பயனரை விரட்டாதீர்கள். 'காட்டுக' என்று வியங்கோளில் இருக்கட்டும்.

வ. எழுதியது:

'காட்டுங்கள்' போதும் ஐயா. வியங்கோளைப் பார்த்தால் அரசாணை போல இருக்கிறது.

செ. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கோப்பை அனுப்பிவிட்டேன். பொத்தான்: 'பலருக்குக் காட்டுங்கள்'. எண்ணிக்கை: 'கண்டவர்: 14'. தலைப்பு: 'தென்படுநிலை'. தலைப்புக்கு மூவர் சரி என்றீர்கள், ப. ஐயாவின் மறுப்பைக் கருத்துப் பகுதியில் குறித்திருக்கிறேன். 'குறைவு' என்று வந்த இடத்தை மட்டும் நானே துணிந்து மாற்றினேன்: 'இன்னும் யாரும் காணவில்லை'.

அனுப்புமுன் அந்தப் பெண்ணிடம் திரையைக் காட்டினேன். படித்துவிட்டு, "அப்ப யார் காட்டுவாங்க?" என்று கேட்டார்.

ப. எழுதியது:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். அவர் மீண்டும் எழுதினால் எனக்குச் சுட்டி அனுப்புங்கள், நான் காட்டுகிறேன். 'தென்படுநிலை'யை ஏற்கவில்லை. என் மாணவர்களுக்குப் 'புலப்பாடு' என்றே சொல்லித்தருவேன்.

இன்னொன்று: பொத்தானை அழுத்தியபின் என்ன வரும்? 'காட்டினீர்கள்' என்றா, 'காட்டப்பட்டது' என்றா? இரண்டாவதில் காட்டியவர் மறைந்துபோகிறார்.

செ. எழுதியது:

'காட்டப்பட்டது' என்றுதான் அனுப்பியிருக்கிறேன், ஐயா. காலையில் திருத்தம் கேட்டு எழுதுகிறேன்.