அரை மயக்கத்தில் இதயத் துடிப்புச் சிகிச்சை: எங்கள் அனுபவங்கள்

பாம்பன் ஆசிரியை:

என் தாயார் சின்னப்பாலத்துக் கடலில் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர். திடீரென்று நெஞ்சு படபடத்து நாடி 180-ஐத் தாண்டுவதும், மூச்சடக்கி முங்கினால் சில வேளை அது பட்டென்று அடங்கிவிடுவதும் அவருக்குப் பல ஆண்டுகளாகப் பழகிப்போனவை. மூச்சை அடக்கும்போது இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்படுவதால் படபடப்பு அடங்குகிறது என்றும், ஆனால் அடங்காமல் தலைசுற்றினால் தண்ணீருக்கடியில் உயிரே போய்விடும் என்றும் மருத்துவர் சொன்ன பிறகுதான் மதுரைக்குச் சென்று அப்லேஷன் (இதயத்துக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, கோளாறான மின்பாதையைச் சுட்டு அழிக்கும் சிகிச்சை) செய்துகொள்ள அவர் சம்மதித்தார்.

முழு மயக்கம் கொடுக்க மாட்டார்கள் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் கலக்கம். "முழிச்சிருக்கயிலேயே நெஞ்சுக்குள்ள சுடுவாங்களா?" என்று அம்மா கேட்டார். இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னோட்டத்தைக் கடத்தும் ஏ.வி. முடிச்சை ஒட்டிய இரட்டைப் பாதையில் மின்னோட்டம் சுற்றிச் சுற்றி வருவதுதான் இந்த நோய் என்றும், அதைக் கண்டுபிடிக்கப் படபடப்பை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும் என்றும், ஆழ்ந்த மயக்கத்தில் சிலருக்கு அது வராமலே போய்விடும் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கம்பியை உள்ளே செலுத்துவதற்காகத் தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டபோது சுருக்கென்றதாம். உள்ளே மின்தூண்டல் கொடுத்துப் படபடப்பு தொடங்கியதும், "இதேதான் தம்பி, கடலுக்குள்ள வர்றது" என்று அம்மா சொல்லியிருக்கிறார். தேடிய துடிப்பு இதுதான் என்பதை நோயாளியே உறுதிசெய்ய முடிந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தொண்டியைச் சேர்ந்த செவிலியர் (இத்தகைய சிகிச்சை நடக்கும் கேத் லேப் அறையில் பணி):

ஆசிரியையின் அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு எவ்வளவு உதவும் என்பதை அருகில் நிற்பவர்கள் அறிவார்கள். அரை மயக்கத்துக்கான மிடசோலமும் வலி தெரியாமலிருக்க ஃபென்டனிலும் ஒரே மூச்சில் கொடுப்பதில்லை. சிறு சிறு அளவாகக் கொடுத்து, மூச்சையும் ஆக்ஸிஜன் அளவையும் பார்த்துக்கொண்டே கூட்டுகிறோம். கம்பியின் நுனி 50 முதல் 60 டிகிரி வரை சூடாகும் அந்த நேரம்தான் எனக்கு மிகுந்த கவனம் தேவைப்படும் நேரம். இயல்பான துடிப்பைக் கடத்தும் முடிச்சு சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. ஓர் இருமலோ பெருமூச்சோ நுனியை நகர்த்திவிட்டால் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னோட்டம் செல்வது தடைபட்டு, துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவியை நிரந்தரமாக வைக்க வேண்டிய நிலை வரலாம். நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே அப்படி நேர்கிறது என்றாலும் அதற்காகவே நான் தலைமாட்டில் நின்று, "இப்போ கொஞ்சம் சூடு தெரியும்மா, அசையாம மெதுவா மூச்சு விடுங்க" என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்வேன். சொல்லாமல் சூடு வைத்தால் யாராக இருந்தாலும் உடம்பைத் தூக்கிப் போடுவார்கள்.

நம் கடற்கரைப் பெண்களிடம் ஒரு வேண்டுகோள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு "ஒண்ணுமில்ல" என்று சொல்லாதீர்கள். அடக்கிய வலி இரத்த அழுத்தத்தை ஏற்றும், கடைசியில் உடம்பையும் அசைத்துவிடும். கேட்டால் மருந்தைக் கூட்டுவதற்குத்தான் நாங்கள் நிற்கிறோம்.

கீழக்கரையிலிருந்து ஒருவர்:

என் வாப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நோய். அது வேறு கதை. இடது மேலறையில் நுரையீரல் சிரைகளின் வாயைச் சுற்றிலும் சுட வேண்டும். வேலை நீளமானது, பின்சுவரைச் சுடும்போது வலியும் கூடுதல். அவர் குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சுத் திணறுபவர் என்பதால், அரை மயக்கத்தில் தொண்டை அடைபட்டு நெஞ்சு ஏறி இறங்கினால் கணினியில் வரையும் இதய வரைபடமே இடம் மாறிவிடும் என்று மயக்க மருத்துவர் கூறி, முழு மயக்கத்திலேயே செய்தார்கள். ஆகவே அட்மிஷனுக்கு முன்பே குறட்டை, மூச்சுத்திணறல், ஏற்கெனவே சாப்பிடும் தூக்க மாத்திரை ஆகியவற்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிகிச்சை முடிந்த பின் காலை மடக்காமல் சில மணி நேரம் படுத்திருக்கச் சொல்வார்கள். வாப்பாவுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் சிரமமாக இருந்தது.