கால்வேயில் ஒரு சனிக்கிழமை: சுவரை உதைக்காமல் திரும்பக் கூடாதாம்

டப்ளினிலிருந்து ஒரே நாளில் போய்வர நல்ல கடற்கரை ஊர் எது என்று யார் கேட்டாலும், அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் கால்வே என்றுதான் நான் சொல்வேன். பார்க்க வேண்டிய இடங்கள் இருப்பது ஒரு காரணம். அதைவிட, அந்த ஊர்க்காரர்கள் நின்று பேசுகிறார்கள். போன ஜூனில் ஒரு சனிக்கிழமை நானும் கணவரும் காரில் போனோம். கடலோரம் செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறைகளையும் அதே நாளில் சேர்த்து முடித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. எங்களுக்கு அந்த ஓட்டம் வேண்டாம் என்று தோன்றியது. நிதானமாக நடப்பது, யாராவது பேச்சுக் கொடுத்தால் நிற்பது, அவ்வளவுதான் திட்டம்.

எம்4 நெடுஞ்சாலை, அப்புறம் எம்6. சுமார் 200 கிலோமீட்டர், இடையில் இரண்டு சுங்கச்சாவடிகள். 2009 கடைசியில்தான் இந்த மோட்டார்வே முழுதாக முடிந்தது. ஷானன் ஆறு ஓடும் அத்லோனில் காபிக்கு நிறுத்தினோம். கடைக்காரர் எங்கள் கையிலிருந்த குடையைப் பார்த்துவிட்டு, "மேற்கே போறீங்களா? இதைக் காரிலேயே வெச்சிடுங்க. மழை அங்கே பக்கவாட்டில் வரும், தலையை மூடுற ஜாக்கெட்தான் தாங்கும்" என்றார். மதியத்துக்குள் அவர் சொன்னபடியே ஆயிற்று.

கால்வேயில் முதலில் சந்தைக்குப் போனோம். புனித நிக்கலஸ் தேவாலயத்தை ஒட்டிய சந்து அது. தேவாலயம் 1320ஆம் ஆண்டு வாக்கில் எழும்பியது. சனிக்கிழமை காலையில் அதன் சுவரோரம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆலிவும் விற்கிறார்கள். சிப்பி விற்றுக்கொண்டிருந்தவரிடம் என் கணவர், "இது இந்த ஊர்ச் சிப்பிதானா?" என்று கேட்டார். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்துவிட்டார். இந்தக் கடலுக்கே உரிய தட்டைச் சிப்பி கோடையில் இனப்பெருக்கம் செய்யும், அப்போது எடுக்க மாட்டார்கள். இப்போது தட்டில் இருப்பது வளர்க்கப்படும் பசிபிக் வகை. "உள்ளூர்ச் சிப்பி சாப்பிடணும்னா செப்டம்பரில் வாங்க" என்றார். 1954 முதல் அங்கே நடக்கும் சிப்பித் திருவிழா செப்டம்பரில் வருவது அதனால்தான். விற்பனையை விட்டுவிட்டு அடுத்த பருவத்துக்கு வரச் சொன்ன அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

கீ ஸ்ட்ரீட் பக்கம் ஒரு நகைக்கடையில் கிளாடா மோதிரம் பார்த்தோம். இரண்டு கைகள் ஒரு இதயத்தைப் பிடித்திருக்கும், மேலே கிரீடம். கொரிப் ஆற்றின் மறுகரையில் இருந்த கிளாடா மீனவக் குடியிருப்பின் பெயர்தான் மோதிரத்துக்கும். அங்கிருந்த கூரை வீடுகளை 1930களில் இடித்துவிட்டுப் புது வீடுகள் கட்டிவிட்டார்கள். கடையிலிருந்த அம்மா நான் போட்டுப் பார்த்த மோதிரத்தைக் கழற்றி, "கல்யாணம் ஆயிடுச்சில்ல? அப்போ இடது கை, இதயத்தின் முனை மணிக்கட்டைப் பார்க்கணும்" என்று தானே திருப்பிப் போட்டுவிட்டார். வலது கையில் முனை வெளியே பார்த்தால் இன்னும் துணை இல்லை என்று பொருளாம். மெட்டியைப் பார்த்தே நாம் தெரிந்துகொள்வது போலத்தான். வெள்ளியில் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

பழைய நகரச் சுவரின் வளைவான ஸ்பானிஷ் ஆர்ச்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். 1584இல் கட்டியது, 1755 லிஸ்பன் நிலநடுக்கத்தில் எழுந்த ஆழிப்பேரலை இதுவரை வந்து ஒரு பகுதியை இடித்திருக்கிறது. பக்கத்தில் கொரிப் ஆறு அத்தனை வேகமாகக் கடலுக்குள் பாய்கிறது. ஏரியிலிருந்து கடல் வரை அதன் நீளம் 6 கிலோமீட்டர்தான் என்றால் நம்ப முடியவில்லை.

அன்றைக்கு மனதில் நின்றது கால்வேயின் கடலோரப் பகுதியான சால்ட்ஹில். கடலோர நடைபாதை நீளமாகப் போகிறது, எதிரே விரிகுடாவுக்கு அப்பால் கிளேர் மலைகள். மழை விட்டிருந்தது. மஞ்சள் நிறக் குதிமேடை இருக்கும் பிளாக்ராக்கில் வயதானவர்களும் சிறுவர்களும் மாறி மாறிக் கடலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நடைபாதை முடியும் இடத்தில் ஒரு சுவர். நாங்கள் திரும்ப நடக்கத் தொடங்கியதும், குளித்துவிட்டுத் துண்டுடன் வந்த ஒரு பாட்டி கூப்பிட்டார். "சுவரை உதைச்சீங்களா? உதைக்காட்டி நடந்தது கணக்கில் வராது!"

இது அந்த ஊர் வழக்கம். ஏன் வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாட்டிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தபோது அவருடைய தங்கை தினமும் இரண்டு முறை உதைத்தாராம், தனக்காக ஒன்று, அக்காவுக்காக ஒன்று. "என்னங்க, நீங்களும் உதைங்க" என்று இவரை இழுத்தேன். இருவரும் உதைத்தோம். பாட்டி கை தட்டினார். இன்றைக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, இறங்குங்கள் என்றார். கால் மட்டும் நனைத்தேன். எலும்பு வரை குளிர் ஏறியது. கிறிஸ்துமஸ் அன்றும் இங்கே கூட்டமாகக் குளிப்பார்கள் என்று சொன்னபோது அந்த முகத்தில் அப்படியொரு பெருமை!

ஜூனில் சூரியன் மறையப் பத்து மணி ஆகிவிடும். அதனால் இரவு உணவையும் அங்கேயே முடித்து எட்டு மணிக்குக் கிளம்பினாலும் பாதி வழிக்கு மேல் வெளிச்சம் இருக்கும். காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே ஓட்டுவதால் வெயிலும் கண்ணில் அடிக்காது. கார் இல்லாதவர்கள் டப்ளினின் ஹியூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் கால்வே நகர நடுவில், ஐர் சதுக்கத்தின் அருகிலேயே இறங்கலாம். அங்கிருந்து சால்ட்ஹில்லுக்கு நகரப் பேருந்து உண்டு.