கொம்பன் சுறா ஹெல்மெட்டுல பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா வருது, என்ன பண்ண?

தங்கச்சிமடம் மாமா:
வணக்கம் மக்களே. அக்கா மகனுக்கு அடுத்த மாசம் ஸ்கூல்ல மாறுவேடப் போட்டி. டிவில வர்ற ஹீரோ எதுவும் வேணாமாம், அவனே ஒரு ஹீரோவ கண்டுபிடிச்சு வச்சிருக்கான், பேரு கொம்பன், கொம்பன் சுறா தலையோட பறக்குற ஆளு, கடல்ல பிளாஸ்டிக் கொட்டுறவன எல்லாம் முட்டித் தள்ளுவானாம். மாமா நீதான் செஞ்சு தரணும்னு ஒரே அடம், நானும் சரின்னு வாய விட்டுட்டேன்.

மானாமதுரைல இருந்து பானை செய்ற களிமண் வாங்கியாந்து ஒரு பொம்மை மண்டை மேல அப்பி தலைய செதுக்குனேன். பய தலை சுத்தளவு 52 செ.மீ., உள்ள ஸ்பாஞ்சு வைக்க சுத்தி 2 செ.மீ. கூட விட்டேன். ஈரச்சாக்கு போட்டு மூடி வச்சும் இந்த கச்சான் காத்துக்கு ஒரே நாள்ல வெடிப்பு விட்டுருச்சு, தண்ணி தொட்டு தடவி ஒப்பேத்திட்டேன். அப்புறம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல ரெண்டு பாதியா மோல்டு எடுத்து, உள்ள மெழுகு பாலிஷ் தடவி ஃபைபர் மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) ரெசினும் (இறுகிப்போற பசை) போட்டேன், தலை நல்லாவே வந்துச்சு. கொம்பு ரெண்டும் தனியா மீன் ஐஸ் பெட்டி தெர்மாகோல்ல செதுக்கி அது மேல நேரா ரெசின் அடிச்சேன் பாருங்க, வலது கொம்பு என் கண்ணு முன்னாடியே சுருங்கி உள்ளுக்குள்ள குழி விழுந்து போச்சு. இன்னொன்னு செதுக்கி, பேப்பர ஃபெவிகால்ல நனைச்சு 4 சுத்து ஒட்டி, நல்லா காய விட்டு அதுக்கு மேல ரெசின் அடிச்சதும் நின்னுச்சு.

பட்டி பாத்து 80 நம்பர்ல ஆரம்பிச்சு 400 நம்பர் வரைக்கும் உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடிச்சு, 800ல தண்ணி விட்டு தேச்சு, நீலச் சாம்பல் கலர் ஸ்பிரே அடிச்சேன். ஒரு வாரம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அப்புறம் பய அத மாட்டிக்கிட்டே குளிச்சுட்டு ரெண்டு நாள் தொட்டி தண்ணிக்குள்ளயே போட்டு வச்சிருக்கான். இப்ப நெத்தி பக்கம் பூரா கடுகு கடுகா கொப்புளம். எடை வேற 1 கிலோ 900 கிராம், பய கழுத்து முன்னாடி தொங்குது.

பரமக்குடி பைக்கர்:
மட்டமான ஸ்பிரே கேனா இருக்கும் ஜி, ரெண்டு பொருள கலந்து அடிக்கிற 2கே பெயிண்ட் அடிங்க எல்லாம் சரியாகும்.

தங்கச்சிமடம் மாமா:
அதே கேன்ல பைக் டேங்குக்கும் அடிச்சேன் ஜி, அது நல்லாத்தான் இருக்கு.

மண்டபம் ஃபைபர்காரன்:
தம்பி, 800 தாள் போட்டு தேச்சீங்களே, அது எந்த தண்ணி?

தங்கச்சிமடம் மாமா:
வீட்டு போர் தண்ணிதான் அண்ணே.

மண்டபம் ஃபைபர்காரன்:
அங்கதான் கோட்ட விட்டுட்டீங்க. ஒரு எவர்சில்வர் தட்டுல அந்த தண்ணிய ரெண்டு சொட்டு விட்டு வெயில்ல வையுங்க, காஞ்சதும் வெள்ளையா வட்டம் நிக்கும். அதே வட்டம் உங்க பிரைமர் மேலயும் நின்னுருக்கு, துடைச்சு எடுக்காம அது மேல பெயிண்ட அடிச்சு மூடிட்டீங்க. பெயிண்ட்ங்கிறது தண்ணி புகாத சட்டி இல்ல தம்பி, மெதுவா ஈரம் உள்ள போகும், அடியில உப்பு இருந்தா அது ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், சேர்ந்த தண்ணி பெயிண்ட தூக்கிவிடும். தொட்டில ஊறலன்னாலும் கொஞ்சம் லேட்டா வந்துருக்கும், பய மேல கோவப்படாதீங்க.

குண்டூசியால ஒரு கொப்புளத்த குத்தி பாருங்க. வெறும் தண்ணி வந்தா நான் சொன்னதுதான். புளிச்ச காடி வாடை அடிச்சா அது வேற கேஸ், ரெசினுக்குள்ளயே தண்ணி போயிருக்குன்னு அர்த்தம், பழைய ஃபைபர் படகு அடிப்பக்கம் அப்படித்தான் வரும்.

சரி பண்ண, கொப்புளம் வந்த இடம் பூரா பிரைமர் போற வரைக்கும் தண்ணி விடாம தேச்சு எடுங்க. கேன் தண்ணியில மூணு தடவ கழுவுங்க, மழைத்தண்ணி இருந்தா இன்னும் நல்லது. ஒரு நாள் முழுக்க காய விடுங்க. அதுக்கப்புறம் வெறுங்கையால தொடாதீங்க, வேர்வையும் உப்புதான். கடல் காத்துல வெளிய வச்சாலும் உப்பு படியும், அதனால பெயிண்ட் அடிக்கப் போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ நல்ல தண்ணி துணியால துடைச்சு காய விட்டுட்டு அடிங்க. கச்சான் அடிக்கிறப்ப வெளிய அடிச்சா மணலும் சேர்ந்து ஒட்டும், ரூமுக்குள்ள ஜன்னல திறந்து வச்சு அடிங்க, மூஞ்சிக்கு மாஸ்க் போட்டுக்கங்க.

அப்புறம் எடை. எத்தன மேட் போட்டீங்க?

தங்கச்சிமடம் மாமா:
சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட்டு, 3 சுத்து.

மண்டபம் ஃபைபர்காரன்:
அது வள்ளத்துக்கு போடுறது தம்பி 😀 பய கடல்ல மிதக்கப் போறானா? சின்ன பிள்ள ஹெல்மெட்டுக்கு 300 மேட் 1 சுத்து, கொம்பு சேர்ற மூட்டுல மட்டும் இன்னொரு பட்டை, அவ்வளவுதான். இப்ப பின்மண்டைய ஒரு கை அளவுக்கு வெட்டி எடுத்துட்டு எலாஸ்டிக் குடுத்துருங்க. கொம்புக்குள்ள தெர்மாகோல் இன்னும் இருக்குல்ல, அது கெடக்கட்டும், எடை இல்ல. வெட்டுறப்ப வர்ற தூசி மூக்குக்குள்ள போனா ஆபத்து, தோல்ல பட்டா ராத்திரி பூரா அரிக்கும், முழுக்கை சட்டை போடுங்க.

வெட்டின ஓரத்துக்கு திரும்ப ரெசின் போடுவீங்க, அதனால ஒன்னு சொல்லிர்றேன். கடைல கோபால்ட் (ரெசின் சீக்கிரம் இறுக ஊத்துறது) தனியா குடுத்திருந்தா அத முதல்ல ரெசின்ல கலக்கிட்டு அப்புறம்தான் ரெசின இறுக வைக்கிற ஹார்ட்னர். ரெண்டையும் நேருக்கு நேர் ஒன்னா ஊத்திராதீங்க, வெடிச்சுரும், விளையாட்டுக்கு சொல்லல. 100 கிராம் ரெசினுக்கு ஹார்ட்னர் 1 மில்லி போதும் இந்த வெயிலுக்கு.

கீழக்கரை டெய்லர் அக்கா:
ஃபைபர் பத்தி எனக்கு தெரியாது, உள்பக்கம் மட்டும் சொல்றேன் தம்பி. சும்மா ஸ்பாஞ்ச ஒட்டி விட்டா பிள்ளைக்கு வேர்த்து நாறிப்போகும். ஸ்பாஞ்சுக்கு மேல காட்டன் உறை தச்சு வெல்க்ரோவுல ஒட்டுங்க, கழட்டி துவைக்கலாம். கொம்பு ஓரத்துல சுறா கண்ணு, அது அழகுக்கு. பிள்ள எது வழியா பாக்கும்? சுறா வாய் இருக்கிற இடத்துல நீளமா வெட்டி, உள்ள பர்தாவுல முகத்துக்கு போடுற மெல்லிசு கருப்பு துணிய வச்சு ஒட்டுங்க. வெளிய இருந்து பாத்தா இருட்டா தெரியும், உள்ள இருந்து நல்லா தெரியும், காத்தும் வரும். ரெசின் வாடை போற வரைக்கும் பிள்ள தலையில மாட்டாதீங்க, நாலஞ்சு நாளாவது வெயில் காட்டுங்க.

பரமக்குடி பைக்கர்:
அடுத்த தடவ இவ்வளவு பாடே வேணாம் ஜி, 6 மி.மீ. ஈவா ஃபோம் ஷீட்டு (ரப்பர் மாதிரி மெத்துனு இருக்கும்), ஹீட் கன், செருப்பு ஒட்டுற பசை, ரெண்டு நாள்ல முடிஞ்சுரும், அரை கிலோ கூட வராது. ஃபினிஷிங்கு மட்டும் ஃபைபர் அளவுக்கு வராது, அத ஒத்துக்கிறேன்.

தங்கச்சிமடம் மாமா:
அண்ணே, குத்துனேன். வெறும் தண்ணிதான், நாக்குல வச்சு பாத்தேன், உப்பு கரிக்குது. ஒரு வாரமா ராத்திரி ராத்திரி தேச்சு தேச்சு நெத்திய திரும்ப வெள்ளை ஃபைபர் வரைக்கும் கொண்டாந்துட்டேன். குடிக்க வச்சிருந்த ரெண்டு கேன் தண்ணி காலி, அக்கா என்னோட பேச்சு விட்டுருச்சு. பின்மண்டை வெட்டினதுல இப்ப எடை கொஞ்சம் குறைஞ்சிருக்கு, இன்னும் உள்பக்கம் கொஞ்சம் சுரண்டணும். பிரைமர் நாளைக்கு. கீழக்கரை அக்கா, அந்த கருப்பு துணி அரை மீட்டர் போதுமா?

கீழக்கரை டெய்லர் அக்கா:
கால் மீட்டர் வாங்குங்க, அதுலயே மிச்சம் இருக்கும்.